குலக்கல்வி வேறு, தொழில் பழகும் உரிமை வேறு

தொழிற்கல்வி என்று யாராவது பேச்சை எடுத்தால் நமது கூட்டங்களில் உடனே எழும் சொல் 'குலக்கல்வி'. அந்தச் சந்தேகம் காரணம் இல்லாமல் வந்ததல்ல. கையால் செய்யும் வேலை அத்தனையையும் நம் தலைமுறைகளின் தோளில் ஏற்றிவிட்டு, எழுத்தை எட்டாத உயரத்தில் வைத்திருந்த நாடு இது. "படித்தது போதும், தொழிலைக் கற்றுக்கொள்" என்று எவர் சொன்னாலும் அதில் பழைய குரல் ஒலிக்கிறதா என்று நாம் காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்த ஒரு சொல்லோடு பேச்சை முடித்துவிடுவதால் நட்டப்படுவது யார்? பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்ததால் 'வொகேஷனல் குரூப்'பில் உட்கார வைக்கப்பட்ட மாணவர்தான். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் அந்த வகுப்பறையை எட்டிப் பாருங்கள். அங்கே சேரிப் பிள்ளைகள் கணிசமாக இருப்பதைக் காண்பீர்கள். பொது இயந்திரவியல், மின் இயந்திரங்கள், செவிலியம், அலுவலக மேலாண்மை, ஆடை வடிவமைப்பு, வேளாண் செயல்முறைகள் என்று பெயர் எழுதிய பலகைகளின் கீழே அவர்கள் இரண்டு வருடம் படிக்கிறார்கள். அந்தப் படிப்பை நாம் ஒதுக்கிவிடுகிறோம், அரசு மறந்துவிடுகிறது, முதலாளி மட்டும் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கிறது என்று நினைவில் வைத்திருக்கிறார்.

வேலையிடத்தில் பெறும் பயிற்சி ஒரு மாணவரை வேலைக்குத் தயார் செய்யுமா? செய்யும். ஆனால் எல்லா இடத்திலும், எல்லோருக்கும், எந்த நிபந்தனையிலும் செய்வதில்லை. பட்டறைக்குள் யாரை விட்டார்கள், யார் கற்றுக்கொடுத்தார்கள், எந்த எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தின் கீழ், முடிவில் கையில் என்ன கிடைத்தது என்ற நான்கு கேள்விகளும்தான் பயிற்சியையும் குலத்தொழிலையும் பிரிக்கும் கோடு. இந்தக் கோடு எங்கே விழுந்தது, எங்கே அழிக்கப்பட்டது என்பதை வரலாற்றில் வைத்துப் பார்ப்போம்.

நாடாவைத் தொடக்கூடாது என்ற பயிற்சி

நவீன ஆலை வந்தால் சாதி உதிர்ந்துவிடும் என்று ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள். பம்பாய்ப் பஞ்சாலைகள் அந்த நம்பிக்கைக்குப் பதில் சொல்லின. ஆலையில் நூற்புப் பிரிவு, நெசவுப் பிரிவு என்று இரண்டு உண்டு. நெசவில் கூலி அதிகம். தறியில் இப்படியும் அப்படியும் ஓடும் நாடாவில் புதுக் கண்டு மாட்டும்போது, நூல் முனையை வாயால் உறிஞ்சி வெளியே இழுப்பார்கள். தீண்டப்படாதவர் வாய் வைத்த நாடாவில் நாங்கள் எப்படி வாய் வைப்பது என்று சாதி இந்து நெசவாளர்கள் மறுத்தார்கள். அதனால் நெசவுப் பிரிவின் கதவு தலித்துகளுக்கு மூடப்பட்டது. அவர்களுக்கு நூற்புப் பிரிவில் கூலி குறைந்த வேலைகளே மிஞ்சின.

அந்த ஆலைகளில் நெசவு கற்க நுழைவுத்தேர்வு எதுவும் கிடையாது. ஆள் எடுப்பவர் மேஸ்திரி. வேலை பழக்கிவிடுபவர் பக்கத்துத் தறிக்காரர். இரண்டுமே உறவு, ஊர், சாதி வழியாக நடந்தன. வேலையிடமே பள்ளிக்கூடம் என்றால், அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கை போட்டது சாதி. 1928 பம்பாய் ஆலை வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இந்தப் பிரச்சினையைத் தொழிற்சங்கத் தலைவர்களிடமே எழுப்பினார். முதலாளியிடம் நியாயம் கேட்பவர்கள், தங்கள் பக்கத்துத் தறியில் ஒரு தலித் தொழிலாளி உட்கார ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அவர் மறைத்துப் பேசவில்லை. சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல், வேலை செய்பவர்களையே தட்டுத் தட்டாகப் பிரித்து அடுக்குகிறது என்று 1936இல் அவர் எழுதியதற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஆலை அனுபவமும் இருக்கிறது.

1942: அம்பேத்கர் கேட்டது என்ன?

தொழிற்பயிற்சி என்றாலே நமக்கு எதிரானது என்று நினைக்கும் தோழர்கள் ஒரு ஆவணத்தைப் படிக்க வேண்டும். 1942 அக்டோபரில் அம்பேத்கர் வைஸ்ராய் லின்லித்கோவிடம் பட்டியல் சாதியினரின் குறைகளை விளக்கி ஒரு மனு கொடுத்தார். உயர்கல்விக்கு உதவித்தொகை, வெளிநாட்டுப் படிப்புக்கு நிதி, அரசுப் பணிகளில் இடம் ஆகியவை அதில் இருந்ததைப் பலர் அறிவார்கள். அதே மனுவில் தொழில்நுட்பப் பயிற்சியும் இருக்கிறது. அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளைத் தொழில் பழகுநர்களாகச் சேர்க்க வழி செய்ய வேண்டும் என்று அவர் கேட்டார்.

அவர் தேர்ந்தெடுத்த இடங்களைக் கவனியுங்கள். கிராமத்துக் கொல்லன் பட்டறையை அவர் கேட்கவில்லை. தோல் பதனிடும் தொட்டியை மேம்படுத்தித் தரச் சொல்லவும் இல்லை. அரசு அச்சகம், ரயில்வே பணிமனை இரண்டும் அன்றைய இந்தியாவின் முன்னணித் தொழில்நுட்பம் இருந்த இடங்கள். மாதச் சம்பளம் உள்ள இடங்கள். உரிமையாளர் அரசு என்பதால் கேள்வி கேட்க முடிந்த இடங்கள். நமது தாத்தாக்கள் செய்த தொழிலோடு எந்தத் தொடர்பும் இல்லாத தொழிலை, நம் தெருவுக்கு வெளியே, அரசின் பொறுப்பில் கற்றுக்கொள்ளும் உரிமையை அவர் கேட்டார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தபோது, போர்க்காலத் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டமும், பின்பு உருவான வேலைவாய்ப்பு அலுவலகங்களும் அவருடைய துறையின் கீழேயே இருந்தன. ஆள் எடுப்பை மேஸ்திரியின் கையிலிருந்து பொது அலுவலகத்துக்கு மாற்றுவதன் மதிப்பை நாம் இன்று குறைத்து எடைபோடுகிறோம்.

1953: வீட்டையே பட்டறை ஆக்கிய திட்டம்

இதற்குப் பதினோரு வருடம் கழித்துச் சென்னை மாநிலத்தில் நடந்தது நேர் எதிர். முதலமைச்சர் ராஜாஜி 1953இல் கொண்டுவந்த மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப்புறப் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்தது. பிள்ளைகள் இரண்டு பிரிவாக முறை வைத்துப் பள்ளிக்கு வருவார்கள். மிச்ச நேரத்தில் தகப்பன் செய்யும் தொழிலைப் பழக வேண்டும்; பெண் பிள்ளைகள் தாயோடு வீட்டு வேலை பழக வேண்டும். போதுமான பள்ளிகளும் ஆசிரியர்களும் இல்லை, இருப்பதை வைத்து இரட்டிப்புப் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கலாம் என்பது அரசின் வாதம்.

பெரியார் அதற்குக் 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயர் வைத்தார். பெயர் நிலைத்துவிட்டது. திராவிடர் கழகமும் தி.மு.க.வும் தெருவில் இறங்கின. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது. அரசு பாருலேக்கர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு திட்டத்துக்கு ஆதரவாகவே பேசியது. எதிர்ப்பு அடங்கவில்லை. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். ஏப்ரல் 13 அன்று காமராசர் முதலமைச்சரானார். மே 18 அன்று திட்டம் கைவிடப்பட்டது.

இந்தக் கதை நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் 'வேலையிடப் பயிற்சி' என்ற அளவுகோலை வைத்து அதை இன்னொரு முறை பார்க்க வேண்டும். வேலை செய்து கற்பது நல்லது என்று அந்தத் திட்டமும் சொன்னது. குற்றம் எங்கே இருந்தது? அங்கே பிள்ளைக்குத் தொழிலைத் தேர்ந்தெடுக்கும் வழி இல்லை, பிறப்பே தேர்ந்தெடுத்துவிட்டது. ஒப்பந்தம் இல்லை. உதவித்தொகை இல்லை. பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் எதுவும் இல்லை. தச்சர் மகனுக்காவது உளி கிடைத்திருக்கும். பண்ணையில் கூலி வேலை செய்த நம் தகப்பன்மார் எந்தத் 'தொழிலை'ப் பழக்கியிருக்க முடியும்? பிள்ளை பண்ணையாரின் மாடு மேய்க்கப் போயிருக்கும். மலம் அள்ளியவரின் பிள்ளைக்கு வாளிதான் பாடப்புத்தகம் ஆகியிருக்கும். பறை அடிப்பதும் பிணம் எரிப்பதும் ஊர் நம்மீது சுமத்திய கட்டாயமாக இருந்த காலம் அது. அந்தக் கட்டாயத்தைக் கல்வி என்று அரசு ஏட்டில் எழுதியிருந்தால், அதிலிருந்து வெளியேறுவதே பள்ளியிலிருந்து வெளியேறுவதாக ஆகியிருக்கும்.

1961, 1973, 1986: ஒரு சட்டம் திறந்த கதவு

காமராசர் காலத்தில் பள்ளிகள் பெருகின. பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955இல் தொடங்கியது. கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகள் வந்தன. திருச்சியில் பெல் வந்தது. ஐ.டி.ஐ.கள் ஊன்றின. புதிய ஆலைகளுக்கு உறவுக்காரர்களை வைத்து ஆள் எடுத்துக் கட்டுபடியாகாது. டிராயிங் படிக்கத் தெரிந்த, அளவு எடுக்கத் தெரிந்த ஆயிரக்கணக்கான பேர் வேண்டும். அந்தத் தேவையிலிருந்து பிறந்தது 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம். ரயில்வே காலனிகளில் இன்றும் 'ஆக்ட் அப்ரண்டிஸ்' என்று சொல்கிறார்களே, அந்த 'ஆக்ட்' இதுதான்.

இந்தச் சட்டம் முதலாளிக்கும் பழகுநருக்கும் இடையே அரசைக் கொண்டுவந்து நிறுத்தியது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். மைனர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்திட வேண்டும். பயிற்சிக்காலம், பாடத்திட்டம், மாத உதவித்தொகை, முடிவில் தேர்வு, சான்றிதழ் எல்லாம் வரையறுக்கப்பட்டன. குறிப்பிட்ட அளவுள்ள நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும் என்பது கடமையானது.

நமக்கு இதில் மிக முக்கியமான வருடம் 1973. அந்த ஆண்டுத் திருத்தம் 3ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஒவ்வொரு தொழிற்பிரிவிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை முதலாளி ஒதுக்க வேண்டும். அந்தந்த மாநிலத்தில் நமது மக்கள்தொகையைக் கணக்கில் கொண்டு எண்ணிக்கை வகுக்கப்படும். சட்டம் இங்கே 'முதலாளி' என்று சொல்லும்போது அரசு நிறுவனம் என்று மட்டும் சொல்லவில்லை. தனியாரும் அதில் அடக்கம். தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும் என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோம். நிரந்தர வேலைக்கு அது இன்னும் வரவில்லை. ஆனால் அந்த வேலைக்குப் போகும் முதல் படியில், தொழில் பழகும் இடத்தில், தனியாருக்கும் இடஒதுக்கீடு ஐம்பது வருடங்களுக்கு மேலாகச் சட்டத்தில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைக் கேட்டு ஒரு மனுவாவது போட்டிருக்கிறோம்?

1986இல் வந்த இன்னொரு திருத்தம் நேராக நமது மேல்நிலைப் பள்ளி மாணவர்களைப் பற்றியது. ப்ளஸ் டூ தொழிற்கல்வி முடித்தவர்களைத் தனி வகைப் பழகுநர்களாகச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. தென் மாநிலங்களுக்கான பொறுப்பு சென்னையில் உள்ள தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்திடம் இருக்கிறது.

சட்டத்தின் ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி அல்ல என்கிறது 18ஆம் பிரிவு. பயிற்சி முடித்தவருக்கு வேலை தர வேண்டும் என்ற பொதுக் கடமையை 22ஆம் பிரிவு முதலாளிக்கு வைக்கவில்லை. மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் அந்த நிறுவனத்தில் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. அந்த முன்னுரிமையும் கேட்டு வாங்கினால்தான் வரும். 2014 திருத்தம், பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு முதலாளியும் தானே கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என்றது. சட்டத்தை மீறும் முதலாளிக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதத்தை மட்டும் வைத்தது. 2018 மார்ச்சில் மும்பையில் ரயில்வே அப்ரண்டிஸ்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து ரயில்களை மறித்தார்களே, அந்தக் கோபம் இந்த ஓட்டையிலிருந்து வந்தது. வேலை பழக்கிவிட்டு வெளியே அனுப்பும் நிறுவனத்தைப் பார்த்து அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது.

1978: பட்டறை இல்லாத தொழிற்கல்வி

தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ 1978இல் தொடங்கியது. கூடவே தொழிற்கல்விப் பிரிவும் தொடங்கியது. அதே ஆண்டில்தான் மால்கம் ஆதிசேஷய்யா தலைமையிலான தேசியக் குழு, மேல்நிலைக் கல்வியை வேலையோடு இணைக்கச் சொல்லி அறிக்கை கொடுத்தது. 1986 தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 1990க்குள் 10 சதவீதமும் 1995க்குள் 25 சதவீதமும் தொழிற்கல்விக்கு வர வேண்டும் என்று இலக்கு வைத்தது. பிறகு அந்த இலக்கைத் தள்ளி வைத்துக்கொண்டே போனார்கள்.

திட்டம் ஏன் நொண்டியது? தொழிற்கல்வியைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார்கள். பள்ளியைப் பணிமனையோடு இணைக்க மறந்தார்கள். பகுதிநேர ஆசிரியர்களை வைத்துப் பல வருடம் ஓட்டினார்கள். மாணவர் லேத் இயந்திரத்தின் படத்தை வரைந்து பாகம் குறித்தார். அதன் முன்னால் எட்டு மணி நேரம் நிற்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

வேலையிடம் கற்றுத்தருவது என்ன என்று இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு டிராயிங்கில் எந்த அளவு முக்கியம், எங்கே கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம் என்பது பணிமனையில் ஒரு துண்டு 'ரிஜெக்ட்' ஆகும்போதுதான் புரிகிறது. வெர்னியரை எப்படிப் பிடிப்பது என்று பாடம் சொல்லும்; சூடாக இருக்கும் துண்டை அளந்தால் அளவு தவறும் என்பதைக் கை சொல்லும். ஷிப்ட் மாறும்போது என்ன சொல்லி ஒப்படைப்பது, பாதுகாப்புக் கவசம் இல்லாத இயந்திரத்தில் கை வைக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது, தெரியாததைச் சூப்பர்வைசரிடம் கூச்சமில்லாமல் எப்படிக் கேட்பது, சம்பளச் சீட்டில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் சரியா என்று எப்படிப் பார்ப்பது, இவையெல்லாம் வேலைக்குத் தயாராவதன் பகுதிகள்.

போர்மேன் மாமா இருக்கும் வீட்டில் இவை சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே காதில் விழுந்துவிடும். முதல் தலைமுறையாக ஆலை வாசலுக்குப் போகும் நம் பிள்ளைக்கு அந்த மாமா இல்லை. ஆகவே பணிமனைப் பயிற்சி மற்றவர்களுக்குக் கூடுதல் வசதி என்றால், நமக்கு அது அடிப்படைத் தேவை. பள்ளி அதைத் தராதபோது இழப்பு எல்லோருக்கும் சமமாக விழுவதில்லை.

செவிலியப் பிரிவை எடுத்துக்கொள்வோம். இரண்டு வருடம் படித்து, மருத்துவமனைக்குப் போய்ப் பழகிய பெண்ணிடம் ப்ளஸ் டூ சான்றிதழ் மட்டும் இருந்தால் செவிலியர் மன்றத்தில் நர்சாகப் பதிவு செய்ய முடியாது. அதற்குத் தனிப் படிப்பு வேண்டும். மேலே படிக்கக் காசில்லாதவர் தனியார் நர்சிங் ஹோமில் சேர்கிறார். ஊசி போடுகிறார், கட்டுப் போடுகிறார், சம்பளம் கேட்டால் "நீ நர்ஸ் இல்லையே" என்கிறார்கள். பயிற்சி உண்மை; கையில் உள்ள தாளுக்கு மதிப்பில்லை. இப்படிப் பாதியில் அறுபட்ட ஏணியில் நம் பெண் பிள்ளைகள் நிறையப் பேர் நிற்கிறார்கள்.

'அப்ரண்டிஸ்' என்ற பெயரில் மூன்று வருடம்

சட்டத்தின் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு சாரத்தை எறிந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கொங்கு மண்டல நூற்பாலைகள் சாட்சி. 'சுமங்கலித் திட்டம்' என்று மங்கலமான பெயர் வைத்து, கிராமங்களிலிருந்து இளம் பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் அழைத்துப் போனார்கள். முடிவில் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்றார்கள். வந்தவர்களில் பெரும்பகுதி தலித் பெண்களும் பிற ஏழைச் சாதிப் பெண்களும். ஆலை விடுதியில் அடைப்பு, இரவு ஷிப்ட், பஞ்சுத் தூசி. நடுவில் உடம்பு முடியாமல் வெளியேறினால் மொத்தப் பணத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஏட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே இருந்த சொல் 'அப்ரண்டிஸ்'.

சில மாதங்களில் பழகிவிடக்கூடிய வேலைக்கு மூன்று வருடப் பயிற்சி எதற்கு? 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பயிற்சியாளர் என்று எழுதிவிட்டால் அந்தக் கேள்வியைத் தள்ளிப்போடலாம். பம்பாய் ஆலை பயிற்சியை மறுத்து நம்மை வெளியே நிறுத்தியது. கொங்கு ஆலை பயிற்சி என்று சொல்லி நம்மை உள்ளே அடைத்தது. இரண்டு இடத்திலும் நம்மிடம் இல்லாதது ஒன்றே: அமலாகும் ஒப்பந்தம்.

இப்போது நம் வாசலில் நிற்பவை

2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று விலக்குக் கொடுத்தார்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் உள்ளூர்த் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றோரிடம் பழகச் சொல்கிறது. 2023 செப்டம்பரில் 18 மரபுத் தொழில்களுக்கான விஸ்வகர்மா திட்டம் வந்தது. தகுதி வயது 18. மேற்படிப்புக்குப் போக வேண்டிய வயதில் குடும்பத் தொழிலுக்குத் திருப்பும் திட்டம் என்று தமிழ்நாடு அரசு அதை ஏற்க மறுத்தது. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டியதில்லை, வயது 35 ஆக வேண்டும் என்று கேட்டு, பின்பு அந்த அடிப்படையிலேயே கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025இல் தொடங்கியது.

இந்த மறுப்பை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் மறுப்பதோடு மாநில அரசின் வேலை முடிந்துவிடவில்லை. மேல்நிலைத் தொழிற்கல்வி மாணவர்களை இப்போது சில நாட்கள் உள்ளுறைப் பயிற்சிக்கு நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள். நான் முதல்வன் திட்டம் 2022இல் வந்தது. நல்லது. ஆனால் பயிற்சி இடத்தை யார் தேடிக் கொடுப்பது? "உனக்குத் தெரிந்த கடை, பட்டறை இருந்தால் போய்க் கையெழுத்து வாங்கி வா" என்று மாணவரிடமே விட்டால், அந்தக் கணமே சாதி உள்ளே வந்துவிடுகிறது. தெரிந்த பட்டறை உள்ளவர் பயிற்சி பெறுவார். இல்லாதவர் கையெழுத்து மட்டும் வாங்குவார், அல்லது அப்பாவோடு சித்தாள் வேலைக்குப் போய்விட்டு வருவார். "எந்தத் தெரு?" என்று கேட்டுவிட்டு விளக்குமாற்றைக் கொடுக்கும் பட்டறையும் உண்டு. எழுபது வருடம் கழித்து அது இன்னொரு பெயரில் 1953 ஆகிவிடும்.

நாம் கேட்க வேண்டியவை

மாணவத் தோழர்களுக்கு முதலில். உங்களையோ உங்கள் தெருப் பிள்ளையையோ பயிற்சிக்கு அழைத்தால், பதிவு செய்த ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். 2019 விதிகள், ப்ளஸ் டூ தொழிற்கல்விச் சான்றிதழ் பெற்ற பழகுநருக்கு மாதம் 7,000 ரூபாயைக் குறைந்தபட்ச உதவித்தொகையாக வைத்தன. இப்போதைய தொகை என்ன என்று வாரியத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். தொழில் பழகுநர் ஆலோசகர் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக்கூடாது. தொழிற்சாலைகளுக்கான பாதுகாப்பு, சுகாதார விதிகள் பழகுநருக்கும் பொருந்தும். பயிற்சியில் காயம் பட்டால் இழப்பீடு உண்டு. ஆபத்தான தொழில்களில் 18 வயதுக்குக் கீழ் சேர்க்கக்கூடாது. பயிற்சிக்காலம் முழுக்க ஒரே இயந்திரத்தின் முன் நிறுத்தினால், அது உற்பத்தி, பயிற்சி அல்ல என்று எழுத்தில் புகார் கொடுங்கள்.

அமைப்புத் தோழர்களுக்கு அடுத்தது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுக்க வேண்டும் என்பது 2019 விதி. உங்கள் மாவட்டத்தில் அப்படிப்பட்ட நிறுவனங்கள் எத்தனை, எத்தனை பழகுநர்களை எடுத்தன, 3ஏ பிரிவின்படி பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகள் எத்தனை பேர், பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கொடுத்தார்கள்? இந்த நான்கு எண்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பொதுத்துறை நிறுவனங்களிடம் நேரடியாகவும், தனியாரைப் பற்றி வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையிடமும் தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்திடமும் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம்தான். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது நம் கையில் ஒரு ஆவணம்.

அரசிடம் நமது கோரிக்கைகள் மூன்று. தொழிற்கல்விப் பிரிவு உள்ள ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் பயிற்சி இடத்தைத் தேடித் தரும் பொறுப்பு பள்ளிக்கும் துறைக்கும் இருக்க வேண்டும், மாணவருக்கு இருக்கக்கூடாது. செவிலியப் பிரிவு போன்றவற்றில் படிக்கும் காலம் வீணாகாமல் பதிவுக்குரிய படிப்போடு இணைக்கும் படி வேண்டும். பயிற்சி இடத்தில் சாதிப் பாகுபாடு நடந்தால் புகார் வாங்க, பள்ளிக்கு வெளியே ஒரு அதிகாரி வேண்டும்.

1954இல் நம் முன்னோர் மூட வைத்தது, பிறப்பு வழியே தொழிலுக்குள் தள்ளும் கதவை. 1942இல் அம்பேத்கர் தட்டியது, நம்மை உள்ளே விட மறுத்த பணிமனைக் கதவை. முதல் கதவு திறக்காமல் காவல் காக்கும் வேலையில் நாம் தேர்ந்துவிட்டோம். இரண்டாவது கதவுக்குச் சட்டத்தில் சாவி இருக்கிறது. வரும் ஜூனில் பதினொன்றாம் வகுப்பில் ஒரு மாணவி பொது இயந்திரவியலில் சேருவாள். அவள் ப்ளஸ் டூ முடிக்க இரண்டு வருடம் இருக்கிறது. அதற்குள் அந்த நான்கு எண்களைக் கையில் வாங்கி வைப்போம்.